பாலைத் துறந்த பத்துப் பேர்

சித்ரா சர்வதேசப் பயிற்சியாளர் ஆனது எஸ்டேட் கக்கூஸ் சுவரை ஒட்டி நின்றுதான். போடிமெட்டுக்குக் கேரளப் பக்கம், தொழிலாளர் வரிசை வீடுகளான அவர்கள் லயத்தில் செல்போனுக்கு ரேஞ்ச் கிடைக்கிற ஒரே இடம் அது. திங்கட்கிழமை காலையில் அங்கே நின்று, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நன்றி சொல்ல வேண்டும். யாருக்கு என்பதில் குழப்பம் கிடையாது. சுத்தபாத்ரா இன்டர்நேஷனல் அகாடமியின் நிறுவனர் ஜின்சன் சாருக்கு. சூரியனுக்கும் பூமிக்கும்கூடச் சொல்லலாம், தடையில்லை. ஆனால் அது வருகைப் பதிவில் ஏறாது.

அகாடமி கொச்சியில் இருந்தது. பால், தயிர், நெய், முட்டை, தேன் எதையும் தொடாமல் வாழ்வது எப்படி என்று ஜனங்களுக்குச் சொல்லித்தருகிறவர்களுக்குச் சொல்லித்தருவது அதன் வேலை. அங்கே நான்கு படிகள் உண்டு. சேர்ந்த அன்றைக்கு நீங்கள் முளை. கட்டணம் கட்டினால் தளிர், சித்ரா இப்போது அதுதான். பத்துப் பேரைப் பாலிலிருந்து மீட்டால் கிளை. கடைசிப் படி விருட்சம். அது ஒன்றே ஒன்றுதான், ஏற்கெனவே ஜின்சன் சார் அதில் இருந்தார்.

சித்ராவின் தொழில் இவ்வளவு உயரமில்லை. நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துத் தயிர் தோய்ப்பாள். கேழ்வரகு ஆப்பம், தேங்காய்ப்பால் குழம்பு, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலோடு அவித்த கப்பக்கிழங்கு. அவள் புருஷன் ஈஸ்வரன் அதையெல்லாம் தன் ஜீப்பில் ஏற்றிச் சின்னக்கானல் ரிசார்ட்டுகளுக்குக் கொண்டுபோவான். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு, இது வீகன் சாப்பாடு என்றார்கள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"வீகனா? அது எந்தப் பக்கத்துச் சாதிடி?" என்றாள் அடுத்த வீட்டு வேலுத்தாய். தேயிலைக் கொழுந்தெடுக்கிறவள், பேச அஞ்சாதவள்.

"சாதியில்ல மதினி. பால், முட்ட சேக்காம சாப்பிடுறவுக."

"அப்ப நம்மதான்."

சாப்பாட்டோடு சித்ரா போனில் பயிற்சியும் கொடுத்தாள். எர்ணாகுளத்தில் ஒரு டாக்டர் அம்மாவுக்குச் சாயங்காலம் நாலு மணிக்குச் சீஸ் நினைப்பு வரும். அந்த நேரத்தில் சித்ரா கூப்பிட்டு, மூச்சை இழுத்து விடச் சொல்வாள். சீஸைச் சித்ரா ரிசார்ட் ஃபிரிட்ஜில் தூரத்திலிருந்து பார்த்ததுதான். அதனால் அவளுக்கு அதன்மேல் எந்தப் பலவீனமும் இல்லை. நல்ல பயிற்சியாளருக்கு அது வசதி.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் மாசக் கடைசியில் அவள் அம்மா சின்னத்தாய் ஓய்வு பெறுகிறாள். லயத்து வீடு எஸ்டேட்டுடையது. வேலைக்கு ஆள் இருந்தால்தான் வீடு. தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "ஒண்ணு நீ பேர் பதிஞ்சு கூடையத் தூக்கு. இல்ல, ஒண்ணாந் தேதி வீட்ட ஒழிச்சுக் குடு." ஈஸ்வரனின் ஜீப்பில் எட்டுப் பேர் உட்காரலாம், யாரும் குடியிருக்க முடியாது. மேகவாசல் ரிசார்ட் மேனேஜர் சுஜின் ஒரு வழி சொன்னான். ரிசார்ட் சமையலறையை அவளிடமே விடுவான், பின்னால் இருக்கிற இரண்டு அறை வீட்டையும் தருவான். ஆனால் சுத்தபாத்ராவின் கிளைச் சான்றிதழ் வேண்டும். பெங்களூர்க்காரர்கள் அறை எடுப்பதற்கு முன்னால் அந்த முத்திரையைத்தான் தேடுகிறார்களாம்.

ஆக, சான்றிதழ் வந்தால் வீடு. வராவிட்டால் கூடை. கூடை என்ன செய்யும் என்பது அம்மாவின் முதுகைப் பார்த்தாலே தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை நன்றி முடிந்ததும் மண்டல இயக்குநர் செல்வப்பிரியா, "ஏனுங்க சித்ரா, உங்க பத்துப் பேரு இன்னும் வரலீங்களே? சனிக்கெழம ஜின்சன் சாரே உங்க ஊருக்கு வர்றாருங்க" என்றார். பாலக்காட்டில் தமிழ் பேசுகிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம். அவர் பேசும்போதெல்லாம் பின்னால் ஓர் எருமை கத்தும். பக்கத்து ஊட்டு எருமைங்க என்பார். அவர் திரும்பி ஒரு அதட்டல் போட்டால் அது நிறுத்திவிடும்.

"மேடம், எங்க லயமே அப்பிடித்தான் மேடம். யாரும் பால் குடிக்கிறதில்ல. காலையில கட்டன், பத்து மணிக்குக் கட்டன், சாயங்காலம் கட்டன். வெறும் தேயிலத் தண்ணிதான். பாலுக்கு எங்க போறது?"

கைதட்டுவார்கள் என்று நினைத்தாள். திரையில் இருந்த அத்தனை முகமும் செத்துப்போனது.

"எப்பிருந்து விட்டாங்க?"

"விடல மேடம். குடிச்சதே இல்ல."

"குடிக்காமப் போனா எப்பிடீங்க விடுவாங்க?"

"அதான் மேடம், விடுற வேலையே மிச்சம்."

"அதெப்பிடீங்க?" செல்வப்பிரியாவின் குரலில் மெய்யான கவலை இருந்தது. "நம்ம ஆப்புல முன்னாடின்னு ஒரு கட்டம், பின்னாடின்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. முன்னாடியும் கட்டன், பின்னாடியும் கட்டன்னு போட்டா அது ஏத்துக்காதுங்க. மாற்றம் எங்கன்னு கேக்கும். இத்தன நல்ல ஜனம் இருந்தும் ஒருத்தருக்குக்கூட மாற்றமில்லைன்னா, ஊரே வீணாப் போயிருச்சுங்க."

எருமை ஆமோதித்தது.

அன்று சாயங்காலம் சித்ரா லயத்துப் பத்துப் பேர் பட்டியலை அனுப்பினாள். மறுநாள் ஜின்சன் சாரின் குரல்பதிவு வந்தது. பாண்டி நாட்டில், அதாவது தமிழ்நாட்டில், இருந்த அனுபவம் உள்ளவர் என்பதால் தமிழிலேயே பேசியிருந்தார். சித்ராவும் ஈஸ்வரனும் செக்போஸ்ட் அருகே ஜீப்பை நிறுத்திக் கேட்டார்கள்.

"சித்ரே, நல்லா கேட்கணும். பால் இல்லாததுகொண்டு குடிக்காதவன் கருணை உள்ளவன் அல்ல. அவன் பாவப்பட்டவன். ரெண்டும் ரெண்டாக்கும். ஞான் ஒரு நேரம் சாப்பிடலை, அது விரதம். உங்க பட்டியல்ல ஒரு வேலுத்தாய் உண்டல்லோ, அவங்க ஒரு நேரம் சாப்பிடலைன்னா அது என்னா? அது ஒண்ணுமில்ல, வெறும் செவ்வாய்க்கிழமை. ஒண்ணை விடணும்னா அது முதல்ல கையில இருக்கணும். இல்லாதவனுக்கு நாம கொடுக்கணும். பின்னே பிடுங்கணும். அதாக்கும் பயிற்சி. மனசிலாயோ?"

ஈஸ்வரன் அதை மறுபடி போட்டுக் கேட்டான். "ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டாருன்னு நெனச்சேன். தெளிவாத்தான் சொல்லியிருக்காரு."

திட்டத்துக்கு ஒரு பேரும் வந்து சேர்ந்தது: முன்நிலை உருவாக்கம். பத்துப் பேருக்கு மூன்று நாள் பால் கொடுக்க வேண்டும். காலையும் மாலையும் பால் டீ, மத்தியானம் பால் பாயசம், படுக்கும்போது ஒரு டம்ளர் காய்ச்சின பால். செலவு அகாடமியுடையது. பாலை உலகத்திலிருந்தே ஒழிக்கப் பிறந்த ஓர் அமைப்பு பூப்பாறைக் கடையில் பாலுக்கு முன்பணம் கட்டியது. கடைக்காரர் இப்படி ஒரு பார்ட்டியை வாழ்நாளில் பார்த்ததில்லை. கல்யாணமா என்று கேட்டார். கருணை என்றான் ஈஸ்வரன்.

அடிக்குறிப்பாக ஒன்று சேர்த்திருந்தார்கள். பயிற்சியாளர் எந்தக் காரணம் கொண்டும் பாலைத் தொடக் கூடாது. தளிர் கருகிவிடும். ஆகவே சித்ரா தள்ளி நின்று அடுப்பைப் பார்த்துக் கட்டளை போட, ஈஸ்வரன் காய்ச்சினான்.

"ஆடு வெட்டுற எடத்துல சாமியார் நிக்கிற மாதிரி நிக்கிற நீ" என்றான். "பொங்குதுன்னாவது சொல்லு."

"பொங்குது."

"பொங்கி வழிஞ்சப்பறம் சொல்லு."

பால் குடிப்பதற்கு முன் பத்துப் பேரிடமும் உணர்வுக் கணக்கெடுப்பு எடுக்க வேண்டும். முதல் கேள்வி: பாலை நினைக்கும்போது உடம்பில் எந்த இடத்தில் கனம் தெரிகிறது?

வேலுத்தாய் யோசித்தாள். "நெத்தியில."

"பால நெனச்சா?"

"பால எங்க நெனைக்கிறது. கொழுந்துக் கூடக் கயிறு நெத்தியிலதான அழுத்துது. அத நெனச்சேன்."

சித்ரா நெற்றி என்று பதிந்தாள். ஆப் பச்சையாக மின்னி, ஆழமான காயம் என்று பதில் சொன்னது.

புதன்கிழமை மத்தியானம் மலை முழுக்கப் பாயச வாசனை அடித்தது. பட்டியலில் பத்துப் பேர். வரிசையில் நின்றது முப்பதுக்குமேல். பக்கத்து டிவிஷனில் கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டு ஞாபகம் வந்து ஜீப் ஏறி வந்தார்கள். மழையில் நனைந்து கொழுந்தெடுத்துவிட்டு வந்த பெண்கள் சூடாகப் பால் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குருசாமி, ராத்திரி இருமாமல் தூங்கினேன் என்று எல்லார் வீட்டிலும் போய்ச் சொன்னார். லயத்தில் சாவு விழுந்தால் சடங்கு முறை சொல்கிறவர் அவர். அவர் வாயிலிருந்து நல்ல செய்தி வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

"ஏன்டி சித்ரா, இந்தக் கம்பெனிக்காரவுக ரொம்ப நல்லவுகளா இருக்காகளே. பேரு என்ன சொன்ன?" என்றாள் வேலுத்தாய்.

"சுத்தபாத்ரா மதினி."

"பாத்திரம் வெளக்குற கம்பெனியா? எதுவா இருந்தா என்ன. நல்லா இருக்கட்டும்."

"சனிக்கெழமையோட பால விட்டுரணும் மதினி. அதுக்குத்தான் இது."

வேலுத்தாய் சிரித்தாள். சித்ரா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள். "விடுறதுக்கா குடுக்குறாக? வெளையாடுறியா?"

"இல்ல மதினி. விட்டாத்தான் எங்களுக்கு வீடு."

வேலுத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒன் வீட்டுக்கு நாங்க பால விடணும்னா விடுறோம்டி. எங்களுக்கு ஒண்ணு பிடுங்கிட்டுப் போறது புதுசா? ஆனா குடுக்கும்போதே சொல்லிக் குடுக்கிறவன இப்பத்தான் பாக்குறேன்."

ஆப்பின் முன்னாடிக் கட்டத்துக்கான முன் படங்கள் வியாழக்கிழமை போயின. வெள்ளிக்கிழமை திரும்பி வந்தன. பத்தும் தள்ளுபடி.

"ஏனுங்க சித்ரா, என்னங்க இது? பால் குடிக்கறவங்க மொகத்துல வேதனை தெரியணுமில்லீங்க? இவங்க பல்லெல்லாம் காட்டிட்டு நிக்கறாங்க. இந்தப் பெரியவரு குதிக்கறாரு."

"சந்தோசமா இருக்காக மேடம்."

"முன்னாடி யாராவது சந்தோசமா இருப்பாங்களா? பின்னாடிதானுங்க சந்தோசம். வேற படமே இல்லீங்களா?"

பால் திட்டம் தொடங்குவதற்கு முன் சித்ரா எடுத்துவைத்த படங்கள் இருந்தன. திங்கட்கிழமை மழையில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த முகங்கள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், அட்டை கடித்த கால்களோடு. அதை அனுப்பினாள். செல்வப்பிரியா பத்தே நிமிஷத்தில் கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது.

"பாத்தீங்களா! இதுதானுங்க முன் படம். பால் ஒரு மனுசன எப்பிடி ஆக்கி வெச்சிருக்குது பாருங்க."

"மேடம், அது பால் குடிக்காதப்ப எடுத்தது."

"குதிக்கற படத்தப் பின் படமாப் போட்டுக்கலாங்க. என்னொரு பொலிவு!"

"மேடம், அதுல குருசாமியய்யா மீசையில பால் நுரை இருக்கு."

செல்வப்பிரியா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எருமை கத்தியது. அதட்டினார். "தேங்காப்பால்னு எழுதிருங்க."

சித்ரா போனை அணைத்துவிட்டுக் கக்கூஸ் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன் படத்தில் அவளுடைய அம்மாவும் இருந்தாள். முப்பது வருஷத்துக் கூடையை அகாடமி ஒரே வரியில் பசுமாட்டின் தலையில் கட்டிவிட்டது. எழுத வேண்டாம் என்று தோன்றியது. மாசக் கடைசியும் தோன்றியது. எழுதினாள்.

சனிக்கிழமை எஸ்டேட் கிளப் ஹாலில் துறவு விழா. செல்வப்பிரியா முன்னாடியே வந்து ஏற்பாடு செய்தார். நடுவில் ஜின்சன் சாரின் ஆள் உயரப் படம், கைகூப்பியபடி. படத்துக்குப் பெரிய செவ்வந்தி மாலை. முன்னால் குத்துவிளக்கு, ஊதுபத்தி. படத்துக்குக் கீழே நர்சரியிலிருந்து கொண்டுவந்த மண்ணை நீளவாக்கில் குவித்து, நுனியில் ஒரு செடி நட்டிருந்தார்கள். விருட்சத்தின் அடையாளம். துறப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து, பாலே உன்னைத் துறக்கிறேன் என்று சொல்லி, ஒரு டம்ளர் பாலை அந்த மண்ணில் ஊற்ற வேண்டும். கண்ணீர் வந்தால் கூடுதல் மதிப்பெண்.

குருசாமி உள்ளே வந்தார். மாலை போட்ட படத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். மண்மேட்டைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "எப்பம்மா தவறுனாரு?" என்று சித்ராவிடம் கேட்டார்.

"யாரு?"

"இவருதான்."

அப்போது ஜின்சன் சார் வாசல் வழியாக உள்ளே வந்தார். குருசாமி இரண்டு அடி பின்வாங்கினார்.

ஜின்சன் சார் பேசினார். தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் நெய் தோசை தின்றுகொண்டிருந்தபோது எப்படி விழித்தெழுந்தார் என்பது பற்றி. பசுவின் கண்ணீர் பற்றி. இந்த மலையில் தான் கண்ட பத்து முகங்களின் சிதைவு பற்றி. "நிங்களெ இந்த நிலைக்குக் கொண்டுவந்தது ஆரு? எஸ்டேட்டா? அல்ல. மழையா? அல்ல. கூலியா? ஒருக்காலும் அல்ல. பால்!" கிளப்பின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் எழுந்து நின்று கைதட்டினார். எஸ்டேட் தரப்பில் அதுவரை யாரும் எந்தப் பேச்சுக்கும் அப்படிக் கைதட்டியதில்லை.

பிறகு பால் டம்ளர்கள் வந்தன. முதல் டம்ளர் வேலுத்தாய் கையில். அவள் மண்மேட்டுக்கு முன்னால் போய் நின்றாள். திரும்பிச் சித்ராவைப் பார்த்தாள்.

"ஏன்டி, நெசமாவே ஊத்தவா? ஆளு உசுரோட நிக்கிறாருடி."

"ஊத்துங்க மதினி."

"படத்துக்கு மால போட்டு, வெளக்குப் பொருத்தி, மண்ணுல பால ஊத்துறதுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியாதா? அவருக்கு ஆகாதுடி."

"தெரியும் மதினி. அவுக கேக்குறாக. ஊத்துங்க."

வேலுத்தாய் ஊற்றினாள். வெள்ளையாக மண்ணில் இறங்கிய பாலைப் பார்த்ததும் அவள் உடம்பு தன் பாட்டுக்கு வேலை செய்தது. அந்த லயத்தில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் அவளுடையதுதான். கை தானாக மாருக்குப் போனது.

"கொச்சியில பொறந்த ராசா
கோட்டு சூட்டுப் போட்ட ராசா
பால விடச் சொன்ன ராசா – இப்பப்
பாலுக்குள்ள போனீகளே..."

மற்ற பெண்கள் சும்மா இருக்க முடியுமா? சாவுக் கேதத்துக்கு வந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை. ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். சின்னத்தாய் தலையை விரித்துப்போட்டாள். வீட்டை நினைத்து அழுதாளா, நாளையிலிருந்து நிற்கப்போகிற பாலை நினைத்து அழுதாளா, தெரியாது. சாவு வீட்டில் யாரும் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை.

ஜின்சன் சார் அழுகிறவர்களைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியது. "இதுமாதிரி ஒரு ரெஸ்பான்ஸ் ஞான் எங்கேயும் கண்டதில்ல" என்றார். அவருடைய தமிழுக்கு ஒப்பாரி எட்டவில்லை. பிறகு செல்வப்பிரியாவிடம், "இவங்க என்னா பாடுறது?"

செல்வப்பிரியா கொழிஞ்சாம்பாறைக்காரி. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கேமராவைப் பார்த்தார். "உங்க பெருமையத்தானுங்க சார் பாடறாங்க. நீங்க போயிட்டா தாங்க மாட்டாங்களாமா."

அழுகை ஓய்ந்ததும் குருசாமி முன்னால் வந்து செல்வப்பிரியாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பால ஊத்தியாச்சு. இனி பதினாறாம் நாள் காரியம் பண்ணாம விட முடியாது. அரகொறையா விட்டா லயத்துக்கு ஆகாது. இவரு உசுரோட இருக்காரா இல்லையாங்கிறது இவரு பாடு. எங்களுக்கு முறைன்னு ஒண்ணு இருக்கு."

"சார், பதினாறாம் நாள் உங்க பேருல நிறைவு விருந்து வெக்கறாங்களாமா" என்றார் செல்வப்பிரியா.

ஜின்சன் சார் கையிலிருந்த கிளைச் சான்றிதழை மறுபடி கோப்புக்குள் வைத்தார். "அப்ப இது அன்னைக்கு. அவ்வளவு பெரிய சபையில கொடுக்கணும். சாப்பாடு சித்ராதான் வைக்கணும்."

பதினாறாம் நாள் மாசத்தின் கடைசி நாளில் விழுந்தது. மறுநாள் காலை கண்டக்டர் பூட்டோடு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் லயத்தில் மறுபடியும் கட்டன். பாலை நாக்கு கண்டுவிட்டதால் இப்போது கட்டன் கசந்தது. குருசாமிக்கு இருமல் திரும்பி வந்தது. அகாடமியின் கணக்கில் பத்துப் பேரும் துறவிகள். கொச்சியிலிருந்து வாழ்த்து வந்தது.

திங்கட்கிழமை நன்றி வட்டத்தில் புது நடைமுறை அமலுக்கு வந்தது. போடிமெட்டு முறை என்று பேர் வைத்திருந்தார்கள். எல்லாக் கிளைகளும் நிறுவனர் படத்துக்கு மாலை போட்டு, மண்ணில் பால் ஊற்றிக் குரலெடுத்து அழ வேண்டும். சித்ரா போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, வேலுத்தாய் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தாள். சின்னச் சின்னக் கட்டத்தில் ஊர் ஊராக, மாலையோடு ஜின்சன் சார்.

"இத்தன ஊர்ல ஊத்துறாகளே. மனுசன் தாங்குவாரா?"

"சளி பிடிச்சிருக்காம் மதினி. வேற ஒண்ணுமில்ல."

"ஆரம்பம்" என்றாள் வேலுத்தாய்.

காரியத்துக்கு மகன் மொட்டை போட வேண்டும் என்று குருசாமி கண்டிப்பாகச் சொன்னார். ஜின்சன் சாருக்கு மகன் இல்லை. விஷயம் செல்வப்பிரியா வழியாக அகந்தை நீக்கம் என்ற பெயரில் கொச்சிக்குப் போனது. கோழிக்கோட்டிலிருந்து மூன்று பேர் முன்வந்தார்கள். மூவருக்கும் மொட்டை. அதில் ஒருவன் அன்றைக்குத்தான் சேர்ந்த முளை. தலையைக் கொடுத்து நேராகத் தளிராகிவிட்டான்.

பதினாறாம் நாள் மேகவாசல் புல்வெளியில் பந்தல். சித்ரா விடியுமுன்னே அடுப்பு மூட்டியிருந்தாள். வாழைக்காய்ப் பொரியல், பரங்கிக்காய்க் கூட்டு, உளுந்து வடை, தேங்காய்ப்பாலில் பாயசம். கருமாதிச் சமையலுக்கு அகாடமி விதிகளால் எந்த இடைஞ்சலும் வரவில்லை. படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படையல் வைத்தார்கள். இன்னோர் இலையைக் குருசாமி சுவர்மேல் வைத்து, கா, கா என்று கூப்பிட்டார்.

காக்கா வரவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. சுஜின் சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி, "சர்டிபிகேட் கையில வந்ததும் தரேன் சேச்சி" என்றான்.

ஜின்சன் சார் செல்வப்பிரியாவைப் பார்த்தார். "எந்தா ஆரும் உட்காராத்தது? எனிக்கு நல்ல பசி. சாப்பாடு முடிச்சல்லே சர்டிபிகேட்?"

"ஒருத்தர் வரணுங்க சார். அவரு சாப்பிட்டாத்தான் மத்தவங்க."

"முக்கிய விருந்தாளியோ?"

"இன்னிக்கு அவருதானுங்க முக்கியம்."

நேரம் போனது. பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஏதோ மனக்குறை இருக்குது, அதான் எடுக்க மாட்டேங்குறாரு என்றாள் சின்னத்தாய். "என்ன குறை? அவருக்குப் பிடிச்சது எதையாவது விட்டுட்டியாடி?" என்று வேலுத்தாய் சித்ராவைக் கேட்டாள். காக்கா எடுக்காமல் பந்தி கிடையாது. பந்தி இல்லாமல் சான்றிதழ் கிடையாது. அகாடமியும் குருசாமியும் அவரவர் முறையில் ஒரு நூல்கூட விலக மாட்டார்கள். நடுவில் அவள் வீடு.

ஓடிப்போய் இலையில் இன்னொரு வடையைப் பிய்த்து வைத்தாள். சுவரைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். "எடுத்துக்குங்க சார்" என்றாள்.

சில்வர் ஓக் மரத்திலிருந்து ஒரு காக்கா இறங்கியது. தலையைச் சாய்த்துக் கூட்டத்தைப் பார்த்தது. வடையைக் கவ்வியது.

குருசாமி கண்ணை மூடி, "ஏத்துக்கிட்டாரு" என்றார். பந்தலில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

ஜின்சன் சார் நெஞ்சில் கைவைத்துச் சபையைப் பார்த்துத் தலை குனிந்தார். "ஏத்துக்கிட்டேன்" என்றார். "ஏத்துக்கிட்டேன், கேட்டோ."

முதல் இலை அவருக்கு. அவர் சாப்பிடுவதை லயத்துப் பெண்கள் சுற்றி நின்று இரக்கத்தோடு பார்த்தார்கள். பசியோடு சாப்பிட்டார். இடது கையால் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேமரா பிடித்தது. சுஜின் சாவியைக் கொடுத்தான். கண்டக்டர் பூட்டை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகலாம்.

"இத்தன ருசியா ஒரு சாப்பாடு ஞான் சாப்பிட்டதேயில்ல" என்றார் ஜின்சன் சார். "சித்ரே, இது வருசா வருசம் இதே நாள் நடத்தணும்."

"நடத்திருவோம் சார்" என்றாள் சித்ரா. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள். "குருசாமியய்யா திதி பாத்துச் சொல்லிருவாரு."